சிவனேஸ்வரியின் உப்புக் கிணறு

முள்ளிவாய்க்கால் கரையில் சிவனேஸ்வரியைப் போல ஒரு பிடிவாதக்காரியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சுனாமி ஊருக்குள் வந்து போய் நாலு மாதமாகியும் அவள் வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. குடிக்க, சமைக்க எல்லாம் பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர்தான். கரையை விட்டு உள்ளே, முரசுமோட்டைப் பக்கம் குடியேறக் காணி தருகிறார்கள் என்று புருஷன் பிரதாபன் பெயர் கொடுத்துவிட்டான். கார்த்திகைக்குள் முடிவு சொல்லவேண்டும். வலை வீசுகிற ஆள் வயலில் போய் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் வலையை வைத்து என்ன செய்வது என்று அவன் திருப்பிக் கேட்டான். அவளுக்குக் கோபம் வந்தது.

சண்டை ஓய்ந்து பாதை திறந்ததிலிருந்து மண்ணெண்ணெய் தாராளம். ஒரு போத்தல் எண்ணெய்க்கு ஊர் ஊராக அலைந்த சனத்துக்கு இயந்திரத்தின் மேல் அப்படியொரு பக்தி. முல்லைத்தீவு முன்ஸிர் பம்பைக் கொண்டுவந்து வீடு வீடாகக் கிணறு இறைத்தான். உப்பு முழுவதையும் இறைத்துக் கொட்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்பது எல்லோருடைய கணக்கு. சிவனேஸ்வரி ஒருபடி மேலே போய், காலையும் மாலையும் அடிமண் தெரிய இறைப்பித்தாள். உப்பு கூடிக்கொண்டே போனது. பழி முன்ஸிரின் தலையில் விழுந்தது.

பம்ப் பழுதாகி முன்ஸிர் இரண்டு வாரம் வரவில்லை. இடையில் ஒரு நல்ல மழையும் பெய்தது. ஒருநாள் காலை, மேலாக அள்ளிய தண்ணீரை நாக்கில் வைத்தாள். உப்பு குறைந்திருந்தது. வாளியை ஆழ இறக்கி அள்ளிப் பார்த்தாள். அது கடலேதான். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மெல்லிசாகக் கிடக்கிறது, அதை உறிஞ்சி எடுக்க எடுக்க உப்பு கீழிருந்து ஏறுகிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் எண்ணெய் எரித்துக் கடலை வளவுக்குள் இழுத்தது தான்தான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

முன்ஸிர் திரும்பி வந்தபோது அவனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"இனிப் பம்ப் வேண்டாம், தம்பி. கிணத்தை அதின்ர பாட்டில விடுவம்."

ஊர் சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வாளியால் மேலாக மட்டும் அள்ளினாள், அதுவும் கழுவல் வேலைக்கு. தகரக் கூரைத் தண்ணீர் வீணாக ஓடிப்போகாமல் வளவுக்குள்ளேயே இறங்கும்படி கிணற்றைச் சுற்றி மண்வெட்டியால் குழிகள் வெட்டினாள். ஐப்பசியில் மழை கொட்டியது. தினமும் காலையில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். யாரிடமும் மூச்சு விடமாட்டாள்.

கார்த்திகைக் கடைசியில், காணிக்கான பெயர்ப் பட்டியல் முடிகிற நாளுக்கு முதல்நாள், பிரதாபன் கடலுக்குப் போய் வந்து குந்தினான். தேத்தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டான். அதையும் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"மூண்டு நாளாப் பவுசர் வரேல்லை," என்றாள்.

அவன் கோப்பைக்குள் பார்த்தான். பிறகு கிணற்றுப் பக்கம் பார்த்தான். 

"இன்னும் ஒண்டு ஊத்தும்," என்று கோப்பையை நீட்டினான். "குடிச்சிட்டுப் போய்ப் பேரை வெட்டிப்போட்டு வாறன்."