மாமா புடிச்ச கெழங்கான்

எங்க மாமா இதுவரைக்கும் மொத்தமா ஒரே ஒரு மீனுதான் புடிச்சிருக்காரு. அதுவும் கடல்ல. கொல்லிமலைக்காரரு கடல்ல மீன் புடிச்ச கதைன்னு ஆரம்பிச்சாலே ஹாஸ்டல்ல எல்லாரும் சிரிக்க ரெடியாயிடுவாளுங்க. நானும் பாதி வரைக்கும் காமெடியாவே ஓட்டிட்டு, அதோட நிறுத்திக்குவேன். மீதிய யார்கிட்டயும் சொன்னதில்ல.

அப்ப நான் ரெண்டாவது படிச்சுட்டிருந்தேன். மாமான்னா அம்மாவோட தம்பி. கொல்லிமலைல அரியூர் நாட்டுல எங்க ஊடும் அவர் ஊடும் பக்கத்துப் பக்கம், நடுவுல ஒரு குச்சிக்கெழங்குக் காடுதான், மரவள்ளின்னு சொல்லுவாங்களே அது. அவர் சம்சாரம், எங்க அத்தை, அந்த வருசம் முழுகாம இருந்தாங்க. எனக்கு ஒரே குஷி. பாப்பாவுக்கு நானே பேரு கூட வெச்சுட்டேன். என்ன பேருன்னு சொல்ல மாட்டேன், மரண மொக்கை. ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் கெளம்பறப்ப அத்தைய ஆம்புலன்ஸ்ல ஏத்திக் கீழ கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்தப்ப வயிறும் இல்ல, பாப்பாவும் இல்ல.

"பாப்பா எங்கம்மா?"

"வரல கண்ணு. நீ அத்தைகிட்டப் போயி இதையெல்லாம் கேட்டுட்டு நிக்கக் கூடாது, ஆமா."

வரலன்னா என்ன அர்த்தம்? பஸ்ஸ விட்டிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். எங்க மலைல ஒரு பஸ்ஸ விட்டா அடுத்த பஸ்ஸுக்கு எவ்ளோ நேரம் காயணும்னு எனக்கே தெரியும். சரி, மெதுவா வரட்டும்னு இருந்துட்டேன்.

நெசமா நடந்தத அம்மா எனக்குச் சொன்னது நான் காலேஜ் சேந்தப்புறம். பாப்பா உசுரில்லாமதான் பொறந்திருக்கு. ஆப்பரேசன் பண்ணதால அத்தைக்கு நெனவில்ல. அவங்க கண்ணு முழிக்கறதுக்குள்ள மாமாவும் சொந்தக்காரங்க ரெண்டு பேருமா துணில சுத்தி, மலைக்குக் கொண்டாந்து பொதச்சுப்போட்டாங்க. பெத்த அத்தை அது மூஞ்சியக் கூட பாக்கல. பொண்ணுன்னு மட்டும் சொன்னாங்களாம். எந்த எடம்னு மட்டும் அவகிட்டச் சொல்லிப்போடாதன்னு பெரியவங்க மாமாவ கூப்புட்டு வெச்சு சொல்லிருக்காங்க. தெரிஞ்சா அங்கயே போயி உக்காந்துக்குவாளாம், அப்புறம் அடுத்தது தங்காதாம். மாமாவும் வாயத் தெறக்கல. அத்தை கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு, அப்புறம் பேச்சையே நிறுத்திட்டாங்க. சோறாக்குவாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க, என் தலைய வாரி விடுவாங்க. பேச்சு மட்டும் கெடையாது. முன்னெல்லாம் அவங்க சிரிச்சா எங்க ஊட்டு வரைக்கும் கேக்கும்.

டூர் ஐடியா அம்மாவோடது. எடம் மாறுனா மனசு மாறும்னு யாரோ சொல்லி, காரைக்கால் பக்கம் ஒரு பீச், ரெண்டு நாளு, வாடகை வேன். அப்பா மாட்டப் பாத்துக்க ஊட்லயே இருந்துட்டாரு. நானு, அம்மா, மாமா, அத்தை, அப்புறம் முள்ளுக்குறிச்சி டிரைவர் அண்ணன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நான் கடல் பாக்கப் போறேன், அவ்ளோதான். ரெண்டு வாரமா க்ளாஸ்ல சீன் போட்டுட்டுத் திரிஞ்சேன்.

கெளம்பற அன்னிக்கு மாமா நாமக்கல்ல வாங்குன தூண்டில் ஒண்ணத் தூக்கிட்டு வந்தாரு. ரீலு, நரம்பு, ஈயக் குண்டுன்னு சும்மா பளபளன்னு இருந்துச்சு. அம்மாவுக்குத் தலையும் புரியல வாலும் புரியல.

"ஏன்டா தம்பி, இது என்ன புதுக் கூத்து?"

"அவ்ளோ தூரம் போறமல்லக்கா. அப்படியே ரெண்டு மீனும் புடிக்கலாம்னுதான்."

இதுல காமெடி என்னன்னா, மாமா அதுவரைக்கும் ஒரு மீனயும் தொட்டதில்ல. எங்க மலைல கோயில ஒட்டி ஓடற ஆத்துல இருக்கற மீனெல்லாம் சாமி மீனு. பொரி போடுவோம், மொச்சு மொச்சுன்னு வந்து திங்கும், கும்புட்டுட்டு வந்துருவோம். அதுல கைய வெக்க எவனுக்கும் தைரியம் வராது. மாமா போன்ல நாலு வீடியோவப் பாத்துட்டு, நம்ம காட்டுக் குச்சிக்கெழங்க வேகவெச்சுப் பெசஞ்சு, சின்னச் சின்ன உருண்டையாப் புடிச்சு, டிபன் பாக்ஸ்ல அடுக்கிட்டு வந்தாரு. மீனுக்குச் சாப்பாடு. கொல்லிமலை ஸ்பெசல்.

கடலப் பாத்ததும் நான் போட்ட கூச்சல்ல அம்மா என் வாயப் பொத்துனாங்க. அத்தை சவுக்கு மரத்துக்கடியில ஒரு துண்ட விரிச்சு உக்காந்துக்கிட்டாங்க. "கால மட்டுமாவது நனைச்சுட்டு வாயேன்"னு அம்மா எத்தன தடவ கூப்புட்டும் எந்திரிக்கல. மாமா பேண்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டிட்டு நேரா தண்ணிக்குப் போயிட்டாரு.

வீசுவாரு. ஈயக் குண்டு அப்படியே பறந்துபோயி விழும். அலை அதச் சுருட்டிட்டு வந்து அவர் காலடியிலயே போட்டுட்டுப் போகும். கெழங்கு கரைஞ்சு போயிருக்கும். மறுபடி ஒரு உருண்டை, மறுபடி வீச்சு. அங்க தள்ளுவண்டில மீன் வறுத்து வித்துட்டிருந்த அக்கா ஒருத்தங்க ரொம்ப நேரமா இதையே பாத்துட்டு இருந்தாங்க.

"ஏன் சார், சாதம் வச்சாச்சு, ரசம் யாரு ஊத்துறது?"

டிரைவர் அண்ணன் சிரிச்ச சிரிப்புல டீ கிளாஸ் கவுந்துருச்சு. மாமா திரும்பிக் கூட பாக்கல. அந்தக்கா போகட்டும்னு எறால் நாலு எடுத்து எங்கிட்டக் குடுத்து, "இத மாட்டச் சொல்லு பாப்பா, உங்கப்பா கடலுக்கே கஞ்சி காச்சிப்புடுவாரு போலருக்கு"ன்னாங்க. "அவரு எங்கப்பா இல்ல, மாமா"ன்னு நான் வெறப்பா சொன்னேன்.

மொத நாளு ஒண்ணும் மாட்டல. இருட்டுற வரைக்கும் நின்னாரு. மறுநாள் விடியறதுக்குள்ள மறுபடி போயி நின்னுட்டாரு. இப்ப யோசிச்சா, அந்த டூர்ல மாமாவோட முதுகுதான் எனக்கு ஞாபகத்துல இருக்கு. ஊர்ல இருந்தா காடு, ஆடு மாடு, மொளகுன்னு எதையாவது சொல்லித் தப்பிச்சுரலாம். பீச்சுல எங்க போறது? பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டுதான உக்காரணும்? தூண்டில் இருந்தா நாள் பூரா கடலப் பாத்தே நிக்கலாம். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. மீன் மாட்டுனாலும் மாட்டாட்டியும் அவருக்கு ஒண்ணுதான்னு இப்பத் தோணுது.

ஆனா மாட்டிருச்சு. பத்து மணி வெயிலு, தூண்டில் நுனி வெடுக்கு வெடுக்குன்னு ஆடுச்சு. மாமாவுக்கு என்ன பண்றதுன்னே தெரியல. ரீல சுத்தாம நரம்பக் கையிலயே புடிச்சு இழுத்துட்டுப் பின்னாடியே ஓடியாந்தாரு, மண்ணுல மல்லாக்க விழுந்தாரு. அவர் நெஞ்சு மேல வந்து விழுந்து துள்ளுச்சு ஒரு மீனு. வெள்ளையா, ஒல்லியா, என் முழங்கை நீளத்துக்கு.

தள்ளுவண்டி அக்கா எட்டிப் பாத்துட்டு, "கெழங்கான் சார்! நல்ல மீனு"ன்னு சொன்னாங்க.

"என்னது?"

"கெழங்கான். இதுக்குப் பேரே அதுதான்."

அம்மா ஒரு செகண்ட் முழிச்சாங்க. "ஏன்டா தம்பி, கெழங்கு போட்டதுக்குக் கெழங்கானாடா வந்துச்சு? நல்லவேள, நீ பூசணிக்காயப் போடல."

அப்ப ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. பாத்தா, அத்தை. சவுக்கு மரத்துக்கடியில, வாயப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கறாங்க. நாங்க எல்லாரும் அப்படியே நின்னுட்டோம். மாமா மண்ணோட எந்திரிச்சு, மீன ரெண்டு கையிலயும் ஏந்திட்டு, பள்ளிக்கூடத்துல பரிசு வாங்குன பையன் மாதிரி அத்தைகிட்டப் போனாரு. ரெண்டு நாள்ல அவர் கடலுக்கு முதுகக் காட்டுனது அப்பத்தான்.

அத்தை மீனப் பாத்தாங்க. அது அவர் கையில இன்னும் வாயத் தெறந்து தெறந்து மூடிட்டு இருந்துச்சு. சிரிப்பு எங்க முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. அதே மூஞ்சியோட, அதே கண்ணுத் தண்ணியோட, மெதுவாக் கேட்டாங்க.

"ஏனுங்க, எங்க வெச்சீங்க?"

மாமா மீனப் பக்கத்துல இருந்த வாளில போட்டாரு, தூண்டில எடுத்தாரு, மறுபடி தண்ணிக்குப் போயிட்டாரு. கெழங்கு, எறால் எதுவும் மாட்டல, வெறும் முள்ளோட வீசப் போறாரு. அத்தை எந்திரிச்சாங்க. அவ்ளோ நேரம் கால நனைக்காதவங்க நேரா நடந்து, அவரத் தாண்டிப் போயி, இடுப்பளவு தண்ணில அவருக்கு முன்னாடி கடல மறைச்சுக்கிட்டு நின்னாங்க.

"ஏ புள்ள, இழுத்துப்போடும், மேல வா!"

"இழுக்கட்டும். வீசோணும்னா எம்மேல வீசுங்க. எங்க வெச்சீங்க?"

எதையோ தொலைச்சுட்டாங்கன்னு எனக்குத் தோணுச்சு. தொலைஞ்சதக் கண்டுபுடிக்கறதுல நான் எங்க ஊட்லயே கில்லாடி. வாளியத் தூக்க முடியாமத் தூக்கிட்டு ஓடிக் கத்துனேன். "இங்க இருக்குது அத்தை! மீனும் இருக்குது, டிபன் பாக்ஸும் இருக்குது!"

அம்மா பின்னாலயே வந்து என்னக் கட்டிப் புடிச்சுட்டாங்க. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்னு எனக்கு ஒரே கோவம்.

ஒரு பெரிய அலை வந்து அத்தை தலைக்கு மேல உடைஞ்சுது. மாமா தூண்டில அப்படியே போட்டுட்டுப் பாஞ்சாரு. அந்தப் புதுத் தூண்டில அலை ஒரு பொரட்டுப் பொரட்டி உள்ள இழுத்துட்டுப் போயிருச்சு, அத யாரும் பாக்கல, நான் மட்டும்தான் பாத்தேன். அவரு அத்தையப் புடிச்சு நிறுத்தி, ரெண்டு தோளையும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, காதோரமா என்னமோ சொல்ல ஆரம்பிச்சாரு. அலைச் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. ரொம்ப நேரம் சொன்னாரு. ஒரு எடத்தச் சொல்றதுக்கு அவ்ளோ நேரமா ஆகும்? மூஞ்சி எப்படி இருந்துச்சு, முடி இருந்துச்சா, யாரு ஜாடைன்னெல்லாம் சொல்லிருப்பாருன்னு இப்ப நெனச்சுக்கறேன். அந்த மூஞ்சியப் பாத்தது எங்க ரெண்டு ஊட்லயும் அவர் ஒருத்தர்தான். அத்தை ஒவ்வொண்ணுக்கும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டே இருந்தாங்க.

வெளிய வந்ததும் மாமா, "ஊருக்குக் கெளம்பலாம்"ன்னாரு. இன்னும் பாதி நாள் இருக்குதேன்னு நான் அழுதேன். அழுகைய நிறுத்தறதுக்கு அம்மா அந்த மீன தள்ளுவண்டி அக்காகிட்டக் குடுத்து வறுத்து வாங்கித் தந்தாங்க. மாமா வேண்டாம்னாரு, அத்தை வேண்டாம்னாங்க, அம்மாவும் வேண்டாம்னாங்க. நான் ஒருத்தியே மொத்தத்தையும் தின்னேன். முள்ளு கம்மி, செம டேஸ்ட்டு. இவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சுன்னு நெனச்சுட்டே தின்னேன்.

வழியில நான் தூங்கிட்டேன். முழிச்சப்ப வேன் மலையேறி முடிச்சு எங்க ஊருக்குப் பக்கத்துல போயிட்டிருந்துச்சு, வெயில் சாயற நேரம். ஊட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கறப்பவே மாமா, "இங்க நிறுத்துப்பா"ன்னாரு. ரோட்டுக்குக் கீழ எங்களோட சில்வர் ஓக் மரங்க, அதுல ஏறுன மொளகுக் கொடிங்க, அதுக்கப்பால ஓடை. ரெண்டு பேரும் எறங்கிப் போனாங்க. நானும் எறங்கப் போனேன், அம்மா கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க.

"அத்தைக்கு ஒண்ணுக்கு வருதாம். இரு."

"மாமா எதுக்கு?"

"பாம்பு கீம்பு இருக்குமில்ல. வாய மூடிட்டு உக்காரு சாமி."

ஜன்னல் வழியா எனக்கு அத்தை சேலை மட்டும் மரத்துக்கு நடுவுல தெரிஞ்சுது. ஒரு சின்ன மொளகுக் கொடி, புதுசா நட்டது, அது பக்கத்துல உக்காந்து களை புடுங்கிட்டு இருந்தாங்க. நிதானமா, ஒவ்வொரு புல்லா. டூர் போயிட்டு வந்து ஊட்டுக்குக் கூட போகாம யாராவது களையெடுப்பாங்களா? அப்புறம் குனிஞ்சாங்க, சேலையும் தெரியல. மாமா பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு. டிரைவர் அண்ணன் ரேடியோவ நிறுத்திட்டாரு. அம்மா என் கைய விடவே இல்ல.

இருட்டுக் கட்டறப்பத்தான் ஏறி வந்தாங்க. அத்தை கன்னம், நெத்தி, ரெண்டு கை எல்லாம் செம்மண்ணு.

"விழுந்துட்டீங்களா அத்தை?"

"ஆமா கண்ணு. வழுக்கிருச்சு."

குரலு முன்ன மாதிரியே இருந்துச்சு. நான் என் கர்ச்சீப்ப எச்சில் தொட்டு அவங்க கன்னத்தத் தொடைக்கப் போனேன். அத்தை என் கைய மெதுவா நகத்திட்டாங்க.

"இருக்கட்டும் சாமி. தொடைக்காத."

வேன் கெளம்புச்சு. கொஞ்ச தூரம் போறதுக்குள்ள அவங்க மாமா தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க, மண்ணுக் கை ரெண்டும் மடியில மல்லாக்க விரிஞ்சு கெடந்துச்சு. வாயக் கொஞ்சமாத் தெறந்துக்கிட்டு, சின்னப் புள்ளைங்க தூங்கற மாதிரி தூக்கம். எனக்கு ஒரே ஆச்சரியம். வெளையாடிட்டு வந்து நான் கை கழுவாம தண்ணிச் சொம்பத் தொட்டாலே அம்மா முதுகுல ஒண்ணு வெப்பாங்க. மாட்டி விடற குஷில அம்மா காதுல சொன்னேன், "அம்மா, அத்தை கை கழுவாமயே தூங்கிட்டாங்க."

அம்மா என்னைத் திட்டல, அத்தையையும் எழுப்பல. தன் முந்தானைய எடுத்து, அந்த ரெண்டு கைமேலயும் காத்து படாம போத்தி விட்டாங்க.