தொண்ணூற்றேழா, ஐம்பத்தெட்டா?

கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். கம்ப்யூட்டருக்கு உதிரி பாகங்கள் வாங்கிப் பொருத்திக் கொடுத்தவன் என் தம்பி. கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய் மில்லில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறான். தன் கை பட்டது எதுவும் பழுதாகாது என்று அவனுக்கு நினைப்பு.

அவன் பொருத்திக் கொடுத்த பிறகு வந்த முதல் சித்திரை வெயிலில் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. இரண்டு மணி நேர வேலையை ஆறு மணி நேரம் இழுத்தது. சூட்டைக் காட்டும் சாப்ட்வேர் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பிராசசர் தொண்ணூற்றேழு டிகிரி! பதறிப்போய்த் தம்பிக்கு போன் செய்தேன்.

"அதெல்லாம் சும்மா பயமுறுத்தும்க்கா. நான் ஒண்ணு அனுப்புறேன், அதப் போட்டுப் பாரு."

போட்டேன். ஐம்பத்தெட்டு என்றது. ஒரே திரையில் அருகருகே இரண்டு எண்கள்.

"நான் சொல்லல?"

"அப்ப ஏன்டா இவ்ளோ ஸ்லோவா ஓடுது?"

"வெயில் ஜாஸ்தி. உன் ரூம்ல காத்து கம்மி."

மூன்று நாள் போனிலேயே சண்டை. நான் தொண்ணூற்றேழு கட்சி, அவன் ஐம்பத்தெட்டு கட்சி. இதற்கிடையே ஒரு மணப்பெண்ணின் அம்மா வீடியோ கேட்டுத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் காலை தம்பியே வந்து நின்றான். மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தால் எங்கள் பக்கம் பஸ் விடமாட்டார்கள். கையில் மில்லிலிருந்து கேட்டு வாங்கி வந்த வெப்பமானி, துப்பாக்கி போல.

கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கவேண்டிய உலோகக் கூலரைக் குறிபார்த்தான்.

"நாப்பத்தொண்ணு! ஜுரமே இல்லக்கா."

மூன்றாவது எண்ணும் வந்து சேர்ந்தது. இரண்டு சாப்ட்வேர்களின் விளக்கத்தையும் அப்போதுதான் பொறுமையாகப் படித்தேன். என்னுடையது பிராசசரின் உள்ளே இருக்கும் சூட்டைச் சொல்கிறது. அவனுடையது பிராசசர் பொருத்தியிருக்கும் போர்டில் இருக்கும் சூட்டை.

"டேய், அடுப்பு கொழுந்து விட்டு எரியுது, தோசக்கல்லு காயவே இல்லன்னா என்னடா அர்த்தம்? நடுவுல என்னமோ இருக்கு."

அவன் கம்ப்யூட்டரை அணைத்து, ஸ்குரூவைக் கழற்றி, கூலரைத் தூக்கித் திருப்பினான். அடிப்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். 'பொருத்தும் முன் உரிக்கவும்' என்று அதிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். தம்பி கொஞ்ச நேரம் தாளையே முறைத்தான். பிறகு அவனும் சிரித்துவிட்டான்.

"எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதக்கா."

என் ஸ்கூட்டரில் டவுனுக்குப் போய், கூலருக்கும் பிராசசருக்கும் இடையில் தடவும் பேஸ்ட் வாங்கி வந்தான். தாளை உரித்து, பேஸ்ட் தடவி மாட்டினான். அதே வேலையை ஓடவிட்டோம். என்னுடையது எழுபத்தொன்று, அவனுடையது ஐம்பது.

"இப்பவும் ஒத்துப்போகலயேடா!"

"உள்ள ஒரு சூடு, வெளிய ஒரு சூடு. ரெண்டும் நெசம்தான்," என்றான், ஏதோ முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொல்லிவந்தவன் போல.

மத்தியானத்துக்குள் வீடியோ முடிந்துவிட்டது. சரிபார்க்க ஓடவிட்டபோது அவனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். யார் வீட்டுக் கல்யாணமோ, தாலி கட்டும்வரை கண் எடுக்காமல் பார்த்தான். பந்தியில் இலை போட ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, பசிக்குது."