அனி நகரத்துச் சாவிகள்

புஷ்பவல்லிக்கு ஸ்ரீநிவாஸைப் பிடிக்காது. ஸ்ரீநிவாஸுக்கும் புஷ்பவல்லியைப் பிடிக்காது. இருவரும் ஒரே தமிழ்ப் பள்ளியை எட்டு வருடமாகச் சேர்ந்து நடத்தினார்கள். அவள் முதல்வர், அவன் துணை முதல்வர். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை இறக்கிவிட வரும் பெற்றோருக்கு முன்னால் அக்கா தம்பி போலச் சிரிப்பார்கள். கார்கள் போனதும் முகங்கள் பழையபடி இறுகிவிடும்.

புஷ்பவல்லிக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். புருஷன் கந்தசாமியோடு டிபென்டென்ட் விசாவில் லிவர்மோர் வந்தவள், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் டெஸ்டிங் படித்து, மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். சனிக்கிழமையும் அந்தப் புத்தி அவளை விட்டுப் போகாது. ஒரு பிள்ளை 'பளம்' என்று சொன்னால் 'பழம்' வரும்வரை வீட்டுக்கு விடமாட்டாள். அவளிடம் படித்த பிள்ளைகள் தமிழ் பேசின. அவளை நேசித்த பிள்ளைகள் என்று யாரையும் சொல்ல முடியாது, அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

பள்ளி தொடங்கியது அவள் வீட்டு கராஜில். மகள் ரோஷினி அம்மாவுக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லத் தொடங்கிய வருடம் அது. நாலு பிள்ளைகள், ஒரு மடக்கு மேஜை. பிறகு நூலகத்தில் ஓர் அறை கிடைத்தது. பிறகு பக்கத்து ஊரான பிளசன்டனுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆர்மீனிய தேவாலயம் தன் ஹாலை வாடகைக்குக் கொடுத்தது. அங்கே போனபின் பள்ளி கிடுகிடுவென்று வளர்ந்தது. ஹால், சமையலறை, புத்தகங்கள் வைக்கும் அறை எல்லாவற்றின் சாவிகளும் ஒரே வளையத்தில் அவள் கைப்பையில் கிடந்தன. வளையத்தை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டாள். ஸ்ரீநிவாஸ் குடையை எடுக்க வேண்டும் என்றாலும் அவள்தான் வந்து கதவைத் திறக்க வேண்டும்.

ஹாலின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்ட ராஜாக்கள். பக்ராதுனி வம்சம், ஆர்மீனியாவை ஆண்டவர்கள். வகுப்பு நடக்கும்போது நடையில் காவல் நிற்கும் புஷ்பவல்லிக்கு அவர்களைத் தவிர வேறு துணை கிடையாது. படத்தின் கீழே இருந்ததைப் படித்தாள். அது போதாமல் நூலகத்தில் தேடிப் படித்தாள். முதல் ராஜா அஷோத்துக்கு இந்தப் பக்கம் கலீஃபாவும் அந்தப் பக்கம் பைசாந்தியப் பேரரசரும் ஆளுக்கொரு கிரீடம் அனுப்பினார்களாம். ரெண்டு கிரீடம் வாங்கியவன் ரெண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டான் என்பது புஷ்பவல்லியின் கணிப்பு. அது தப்பில்லை. அவன் மகன் ஸ்ம்பாத்தைப் பகைவர்கள் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ஆனாலும் வம்சம் எழுந்தது. அனி என்ற நகரத்தைத் தலைநகராக்கி, ஊரெல்லாம் கோயிலாகக் கட்டி, ஒரு நூற்றாண்டு கொடி கட்டிப் பறந்தார்கள்.

தேவாலயத்தில் வருடத்துக்கொரு விழா. ஹாலை வாடகைக்கு எடுத்தவர்களும் ஒரு நிகழ்ச்சி தர வேண்டும். ஸ்ரீநிவாஸ் கும்மியும் கோலாட்டமும் போடலாம் என்றான். புஷ்பவல்லி பக்ராதுனி ராஜாக்களைத் தமிழில் நாடகமாகப் போடுவேன் என்றாள். அவன் கடுப்பை அடக்கிக்கொண்டு, சரி மேடம், அப்படியென்றால் அவர்கள் எழுந்த கதையோடு நிறுத்திவிடலாம், பாசிட்டிவாக இருக்கட்டும் என்றான். விழுந்த கதையைச் சொல்லாமல் எழுந்த கதையைச் சொல்வது விளம்பரம் என்று அவள் எல்லார் முன்னாலும் சொன்னாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் கவனித்திருக்க வேண்டும்.

விழுந்த கதை இதுதான். ஹோவன்னஸ் என்று ஒரு ராஜா. கூடப் பிறந்த தம்பியே படை திரட்டி வந்து பாதி நாட்டைப் பிடுங்கிக்கொண்டான். பைசாந்தியப் பேரரசரிடமும் பகை. பயந்துபோன ஹோவன்னஸ், என் காலத்துக்குப் பிறகு அனி உங்களுக்குத்தான் என்று பேரரசருக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். அவன் செத்தபின் தம்பி மகன் காகிக், மீசை முளைக்காத வயதில், வாக்காவது ஒன்றாவது என்று கிரீடம் சூடி, வந்த படைகளை விரட்டியடித்தான். சண்டையில் முடியாததைப் பேரரசர் மரியாதையில் முடித்தார். விருந்துக்கு வா என்று அழைத்தார். போகலாம், ஒன்றும் ஆகாது என்று காகிக்குக்குத் தைரியம் சொன்னவன் அவனுடைய சொந்தப் பிரபு சர்கீஸ். காகிக் போனான். அவன் அங்கே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சர்கீஸும் கூட்டமும் அனியின் நாற்பது சாவிகளையும் பேரரசருக்கு அனுப்பிவைத்தார்கள். பேரரசர் அவற்றைக் காகிக்கின் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார்.

நாடகத்துக்கு ஆள் பொறுக்கியதில்தான் வம்பு முளைத்தது. புஷ்பவல்லி உச்சரிப்பைப் பார்த்து வேஷம் கொடுத்தாள். அதிகப் பேச்சு இருந்த பாத்திரம் சர்கீஸ். பள்ளியிலேயே ழகரம் சுத்தமாக வந்தது ஸ்ரீநிவாஸின் மகன் க்ரிஷுக்கு. அதனால் அவன் சர்கீஸ். காகிக்குக்குப் பேச்சு குறைவு, எனவே வாய் திறக்கத் தயங்கும் சபரிக்கு அந்த வேஷம். இதைவிடப் பெரிய பாராட்டு க்ரிஷுக்குக் கிடையாது என்று அவள் மனதார நம்பினாள். துணை முதல்வரின் பிள்ளைக்குத் துரோகி வேஷம் என்று ஊர் பார்க்கும் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. அடுத்த சனிக்கிழமை சமோசா மேஜையருகில் ஸ்ரீநிவாஸின் மனைவி அவள் காதில் விழும்படியாகவே, சிலபேர் மனசுல இருக்கறது மேடையில வந்துடும் என்றாள்.

விழாவுக்கு நாலு நாள் முன்பு, நேரம் அதிகமாகிறது என்று ஸ்ரீநிவாஸ் கடைசிக் காட்சியை வெட்டச் சொன்னான். அனி பேரரசர் கைக்குப் போனபின் என்ன ஆயிற்று என்ற காட்சி. அதில் சர்கீஸுக்கு வேலை இல்லை, ஆனாலும் படித்துப் பார்க்காமலே ஸ்ரீநிவாஸுக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக் கமிட்டி அவன் பக்கம் கை தூக்கியது. புஷ்பவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். சாவிகளைக் காட்டுவதோடு நாடகம் முடிந்தது. ஒத்திகையில் அழப் போன சபரியை, அழாதே, கத்து, நீ ராஜா என்று அவள் வறுத்தெடுத்திருந்தாள். அவனும் விழா மேடையில் தொண்டை கிழியக் கத்தினான். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத ஆர்மீனியக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் ஒன்றியம் இருந்தது. பல ஊர்த் தமிழ்ப் பள்ளிகளை வளைத்துப்போட்டு ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஒரே சட்டை என்று நடத்திக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ராமசுப்ரமணியன் புஷ்பவல்லியைப் பல வருடமாக அழைத்தார். அவள் மறுத்தாள். ஆனால் ஒரு முறை, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த நேரத்தில் அவர் நலம் விசாரிக்க, எனக்குப் பிறகு நீங்களே எடுத்து நடத்துங்க சார் என்று களைப்பில் சொல்லித் தொலைத்தாள். அவள் மறந்தாள். அவர் மறக்கவில்லை.

நாடகம் முடிந்த இரண்டாம் மாதம் அழைப்பு வந்தது. ஒன்றியத்தின் ஆண்டு விழாவில் அவளுடைய தமிழ்ப் பணியைப் பாராட்டிப் பொன்னாடை, கேடயம், விமான டிக்கெட். நம்மவர்களில் பொன்னாடை என்றால் மயங்காத ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். புஷ்பவல்லி வெளியே முறைப்பாக இருந்தாள். உள்ளே எந்தப் புடவை என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"போகணுமா?" என்றார் கந்தசாமி. அதிகம் பேசாத மனிதர். "நீதான அந்த நாடகத்தை எழுதின?"

"அது ராஜா கதைங்க. இது ஃபெலிசிடேஷன்," என்றாள் அவள்.

மேடம், நீங்க கட்டாயம் போகணும், இது நம்ம ஸ்கூலுக்கே மரியாதை, ஒரு சனிக்கிழமையை நான் பார்த்துக்க மாட்டேனா என்று ஸ்ரீநிவாஸ் மூன்று முறை போன் செய்தான். வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் அவன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, புஷ்பவல்லி வளையத்தைத் தன் கையாலேயே கொடுத்தாள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று பொறுமையாக விளக்கவும் செய்தாள்.

வெஸ்ட் வின்ட்சர் பள்ளி அரங்கம் நிறைந்திருந்தது. ராமசுப்ரமணியன் அரக்குக் கரை போட்ட பொன்னாடையை அவள் தோளில் போர்த்தி, மைக்கைப் பிடித்து அவளைக் கால் மணி நேரம் புகழ்ந்தார். பிறகு, மேடம் எனக்குக் கொடுத்த வாக்கு இன்று நிறைவேறுகிறது என்றார். லிவர்மோர் பள்ளி இன்று காலை கமிட்டியின் ஒருமனதான முடிவோடு ஒன்றியத்தில் இணைந்துவிட்டது, இளைய தலைமுறையிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மேடம் இனி நமக்குக் கௌரவ ஆலோசகர். பின்னால் இருந்த திரையில் படம் வந்தது. அவளுடைய ஹால், அவளுடைய சாவி வளையம். ஸ்ரீநிவாஸ் அதை ஒன்றியத்துக்காரர் ஒருவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் கமிட்டி மொத்தமும் பல்லைக் காட்டியது. அவர்கள் தலைக்கு மேலே, சட்டத்துக்குள், காகிக்.

அரங்கம் கை தட்டியது. ராமசுப்ரமணியன் மைக்கை அவளிடம் நீட்டினார். மேடையிலேயே அவரைக் கிழித்துத் தோரணம் கட்டும் அளவுக்கு அவளிடம் தமிழ் இருந்தது. சபரிக்கு அவள் எழுதிக் கொடுத்த வசனம் ஒரு சொல் விடாமல் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் தோளில் பொன்னாடை விழுந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆயிரம் விழாக்களில் பழகிய நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"ரொம்ப நன்றி," என்றாள் புஷ்பவல்லி. "எல்லாருக்கும் வணக்கம்."

திரும்பி வரும் விமானத்தில் ஸ்ரீநிவாஸை ஏசுவதற்கு முன் தன்னைத்தான் ஏசிக்கொண்டாள். அவமானம் அவளை மூன்று வாரம் வீட்டுக்குள் உட்கார வைத்தது. கந்தசாமி சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவரோடாவது சண்டை போட்டிருக்கலாம்.

நாலாவது சனிக்கிழமை கிளம்பிப் போனாள். ஹாலின் கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் எதிரே அவளே நின்றாள். ஆளுயர பேனரில், பொன்னாடையோடு, கை கூப்பி, 'எங்கள் கௌரவ ஆலோசகர்'. காகிக்கின் படத்துக்கு நேர் கீழே அதை நிறுத்தியிருந்தார்கள். வகுப்புகளில் நாற்காலிகள் பாதி காலி. கராஜ் காலத்திலிருந்து சும்மா வந்து சொல்லிக்கொடுத்த வாத்தியார்களை, பயிற்சிச் சான்றிதழ் இல்லை என்று ஒன்றியம் அனுப்பிவிட்டிருந்தது. அவர்களுக்குப் பதிலாகப் பாட வீடியோக்களும் ஒரு புதுக் கட்டணமும் வந்திருந்தன.

ஸ்ரீநிவாஸ் ஓடி வந்தான். கழுத்தில் புது அடையாள அட்டை, அதோடு சேர்ந்து சாவி வளையம். வாங்க மேடம், காபி சாப்பிடறீங்களா என்றான்.

"நாடகத்துல ஒரு சீனை வெட்டச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா ஸ்ரீநிவாஸ்?"

"இப்ப எதுக்கு மேடம் அதெல்லாம்?"

"என்ன சீன்னு நீங்க படிக்கவே இல்லை. நான் சொல்றேன். அனியை வாங்கினவங்க முதல் வேலையா, காவலுக்கு நின்ன ஊர்க்காரங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்குப் பதிலா வரி போட்டாங்க. முழுசா இருபது வருஷம் தாங்கலை. துருக்கிப் படை வந்து நின்னப்போ ஊரைக் காப்பாத்த ஆள் இல்லை. அதோட அனி முடிஞ்சுது."

அவன் வகுப்பறைப் பக்கம் ஒரு முறை பார்த்தான். "நீங்க இன்னும் கோவமா இருக்கீங்க," என்றான்.

"ஆமா, சாகற வரைக்கும் இருப்பேன். அந்தச் சாவியைப் பத்திரமா வெச்சுக்கோங்க. வெஸ்ட் வின்ட்சர்ல இருந்து உங்களுக்கும் ஒரு நாள் பொன்னாடை போடக் கூப்பிடுவாங்க. அவசியம் போய்ட்டு வாங்க."

ஸ்ரீநிவாஸின் முகம் கறுத்தது. பெற்றோர் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உதடு தானாகச் சிரித்தது.

"ரொம்ப நன்றி மேடம்," என்றான்.