என் மகன் அமுக்கிய சிவப்புப் பொத்தான்

எங்கள் ஊரில் கரைக்கு வரும் படகுக்காரனிடம் முதலில் மீனைப் பற்றிக் கேட்க மாட்டோம். "யாரை யாரைல பாத்த?" என்றுதான் கேட்போம். அவன் வலையை இறக்கிக்கொண்டே, தெற்கே இன்னாரைக் கண்டேன், இன்னார் கடலடியில் கிடக்கும் பழைய முத்துப் பாரின்மேல் நங்கூரம் போட்டுக் கிடக்கிறார் என்று சொல்லுவான். யாரையாவது ஒருவரும் பார்க்கவில்லை என்றால், சாயங்காலத்துக்குள் இரண்டு வள்ளம் தேடிப் புறப்பட்டுவிடும். இதற்குத் தலைவரும் கிடையாது, ரசீதும் கிடையாது. பொம்பளைகள் வாய்தான்.

அரசாங்கம் எங்கள் வாய்க்கு ஓய்வு கொடுத்தது. ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு மஞ்சள் பெட்டி வந்தது. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். மீன் ஏலக்கூடத்துச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு திரை மாட்டினார்கள். கடலில் இருக்கும் ஒவ்வொரு வள்ளமும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. ஆபத்து என்றால் பொத்தானை அமுக்க வேண்டும், புள்ளி சிவப்பாகும், உடனே படகு அனுப்புவார்கள். அது போக, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் வீட்டுக்குப் போனில் செய்தி வரும்.

திறப்பு விழாவில் எங்கள் ஊர் மீன்துறை ஆபீசர் இதையெல்லாம் விளக்கிவிட்டு, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப இது வந்திருக்கக் கூடாதா ஐயா? கடலுக்குன்னு சொல்லிட்டு அவரு கள்ளுக்கடையில கிடக்கதையும் பச்சையாக் காட்டியிருக்குமே!"

கூடமே சிரித்தது. ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை.

கேலி பேசினேனே தவிர, பெட்டியை நான் நம்பினேன். காரணம் பெட்டி அல்ல. அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் என் ஞானப்பிள்ளை. எதிர்வீட்டுக்காரியின் மகள். ஞானஸ்நானத் தொட்டிக்கு அவளை நான்தான் ஏந்திப் போனேன். தலையில் தண்ணீர் விழும் முன்பே என் பட்டுச் சேலையை நனைத்துவிட்டாள். அவள் வீடு வீடாக வந்து, "பெரியம்மா, நீங்க இனி கரையில போய் வெயில்ல நிக்க வேண்டாம். நான் பாத்துக்கிடுவேன்" என்றாள். அவள் பார்த்துக்கொள்வாள் என்றால் எனக்கு என்ன கவலை? கொஞ்சங் கொஞ்சமாக நாங்கள் கரையில் கேட்பதை நிறுத்திவிட்டோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சுவரில்தான் எல்லாம் தெரிகிறதே.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதத்தில் ஒரு நாள், என் மகன் இரண்டு ஆட்களோடு விடியுமுன் போனான். மத்தியானம் இரண்டு மணிக்கு வர வேண்டியவன். மற்ற வள்ளங்கள் வந்தன. நான் யாரிடமும் கேட்கவில்லை. மருமகள் ஏலக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பச்சையாத்தான் இருக்கு அத்தை" என்றாள். என் போனிலும் மணி தவறாமல் வந்தது: உங்கள் படகு பாதுகாப்பாக உள்ளது. நல்ல மீன்பாடு போல, அதுதான் தங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிற்பகலில் வேற்றூர்ப் படகு ஒன்று அவன் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தது. அவனுக்கு உதடெல்லாம் வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. மணலில் இறங்கியதும் என்னைப் பார்த்து அவன் சொன்ன முதல் பேச்சு: "எஞ்சின் நின்னுட்டும்மா. மூணு தரம் அமுக்குனேன். ஒருத்தரும் வரலியே."

அவன் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் போனில் செய்தி வந்தது. படகு பாதுகாப்பாக உள்ளது.

ஆபீஸ்காரர்கள் வந்து வள்ளத்துப் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். ஒரு வாரம் கழித்து, பொத்தானை அமுக்கியதாகக் கம்ப்யூட்டரில் பதிவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வள்ளம் கடலில் இறங்கக் கூடாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊரில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. இவன் தூங்கியிருப்பான், குடித்திருப்பான், இரண்டு உயிரைக் கொண்டுபோய்க் கடலில் போடப் பார்த்தான் என்று. கூட வந்த ஆட்கள் அவன் அமுக்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் சொன்னாலும், கூலிக்காகச் சொல்கிறார்கள் என்றார்கள். ஒரு வள்ளக்காரனுக்கு இந்தப் பெயர் வந்தால் அவன் பின்னால் எவனும் ஏற மாட்டான். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவன் பொத்தானை அமுக்கினான் என்று அரசாங்கத் தாளில் ஒரு வரி வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வரிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வேறு ஊர்களிலும் பெட்டியைப் பற்றிப் புகார் போய், திட்டத்தை மேற்பார்வை செய்யச் சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறது என்றார்கள். எல்லாரும் கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏலக்கூடத்தில் நாற்காலி போட்டார்கள். நானும் பட்டுச் சேலையோடு நேரே அங்கே போனேன். கண்ணாடி எடுத்துப் போகவில்லை. அதைப் போட்டால் ஆந்தை மாதிரி இருப்பேன். பூசைக்கு ஆந்தை எதற்கு?

ஆபீசர் திரையைப் போட்டார். கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது. நீலக் கடல் முழுக்கப் பச்சைப் புள்ளி. குழுவின் தலைவர், நரைத்த தலைக்காரர், "பிரமாதமா இருக்கே!" என்றார். கூட வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்று எழுந்தேன். "இந்தப் புள்ளியெல்லாம் எங்க ஊரு வள்ளந்தானே?"

"ஆமாம்மா. இந்த நிமிஷம் கடல்ல எங்க இருக்குன்னு காட்டுது."

"அப்ப இங்கன மணல்ல வரிசையாக் கிடக்கே, அது எந்த ஊரு வள்ளம்?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். ஏலக்கூடத்துக்குச் சுவர் ஒரு பக்கம்தான். மற்ற பக்கமெல்லாம் கரை. அத்தனை வள்ளமும் அங்கே காக்காய் உட்காரக் கிடந்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்லா ஐயா. ஞாயித்துக்கெழமை எங்க ஊர்ல ஒரு பய தொழிலுக்கு இறங்க மாட்டான். எங்க அப்பா காலத்துலயும் அதான், அவுக அப்பா காலத்துலயும் அதான். வள்ளம் மட்டும் பூசைக்கு வராம ஆளில்லாமப் போயிருக்கு போல."

ஊர் சிரித்த சிரிப்பில் ஆபீசர் முகம் திரையைவிடப் பச்சையானது. சர்வர், அப்டேட் என்று ஏதோ சொன்னார். தலைவர் அவரைக் கையமர்த்திவிட்டு, எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். "உங்க மகன் விஷயத்தைச் சொல்லுங்கம்மா. இந்தப் பொண்ணு டைப் பண்ணட்டும்."

டைப் பண்ண உட்கார்ந்தவள் என் ஞானப்பிள்ளை. எனக்குத் தெம்பாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். போன் செய்தியைக் காட்டினேன். சிரிக்க வைத்த சந்தோஷம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. கடைசியாக இப்படிச் சொன்னேன்:

"எம் மவனுக்கு வீட்டு டிவி ரிமோட்டையே ஒழுங்கா அமுக்கத் தெரியாது ஐயா. ஆனா இந்தச் சிவப்புப் பொத்தானை அவன் மூணு தரம் அமுக்கியிருக்கான். பாத்த ஆளு ரெண்டு பேரு இங்கனதான் நிக்காவ."

தலைவரும் சிரித்துவிட்டார். எனக்கு டீ வந்தது. குடித்து முடித்ததும் அவள் தாளை எடுத்து வந்து, பக்கத்தில் மண்டியிட்டு, சத்தமாக வாசித்தாள். ரிமோட் வரி வந்தபோது எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். மூன்று தரம் அமுக்கியதும் வந்தது. சாட்சிகளும் வந்தார்கள். அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. ஆனாலும் முழுப் பெயர்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கையின் நகலை ஏலக்கூடத் தூணில் ஒட்டினார்கள். இந்தத் தடவை கண்ணாடியோடு போனேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மீன்கூடைக்காரிகள் இடித்துக்கொண்டு போனாலும் நகரவில்லை. 'திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை' என்று இருந்தது. அப்பாடா என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன். காரணம், பயனாளிகளுக்குக் கருவியை இயக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள் செயல்விளக்கத்துக்கான மாதிரிப் புள்ளிகள். அதற்குக் கீழே என் மகன். சாதாரண ரிமோட்டைக்கூட ஒழுங்காக அமுக்கத் தெரியாதவர் என்று அவரது தாயாரே கூறிக் கையொப்பமிட்டுள்ளார்.

அத்தோடு முற்றுப்புள்ளி. 'ஆனா' என்று நான் சொன்னது எங்கேயும் இல்லை. ஒட்டியிருந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி தேடினேன்.

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நீ எனக்கு வாசிச்ச பேப்பரு எங்க?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடி நின்றாள். "நீங்க டீ குடிச்சிட்டு இருக்கும்போது, ரிமோட்டுக்கு அப்புறம் உள்ள வரியை எடுத்துருன்னு ஆபீசர் சொன்னாரு பெரியம்மா. எடுத்துட்டேன்."

"எடுத்த வரியை எதுக்குளா வாசிச்ச?"

"வாசிக்கலைன்னா நீங்க கையெழுத்துப் போட மாட்டியளே."

அவள் மழுப்பியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உள்ளதைச் சொல்லிவிட்டாள். இல்லாத வரியை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தட்டாமல் தடுமாறாமல் வாசித்திருக்கிறாள். அதுவும் நான் சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தி.

"கான்ட்ராக்ட் வேலை பெரியம்மா. நாளைக்கே வராதன்னு சொல்லிருவாவ."

"நல்லாத்தான் வாசிக்க நீ. கோயில்ல வாசகம் வாசிக்க உன்னையத்தான் விடச் சொல்லணும்" என்றேன்.

தெருவைக் கடக்கும்வரை சிரித்த முகத்தோடுதான் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்த பிறகு முகம் என் பேச்சைக் கேட்கவில்லை.

சென்னைக்கு மனு எழுதிப் போட்டேன். பதில் வந்தது: தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. சம்பந்தப்பட்ட அலுவலர் யார்? எங்கள் ஆபீசர்தான். அவர் என்னைக் கூப்பிடவில்லை. என் மகனைக் கூப்பிட்டார்.

அன்று மகன் மத்தியானச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போட்டுட்டேம்மா."

"என்னத்தல போட்ட?"

"கையெழுத்து. அன்னைக்குப் பொத்தானைச் சரியா அமுக்கலை, இப்பப் பயிற்சி எடுத்துக்கிட்டேன்னு. திங்கக்கெழமையில இருந்து கடலுக்குப் போகலாம்."

"அமுக்குனவன் அமுக்கலைன்னு எழுதிக் குடுத்தியாக்கும்?"

"நாலு மாசமா வள்ளம் வெயில்ல கிடக்கு. பலகையெல்லாம் விரிஞ்சிட்டு. நான் அமுக்குனது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதாதா?"

"போதாதுல. உம் பின்னால ஏறுறவனுக்குத் தெரியாண்டாமா? தாள்ல இருக்கதைத்தான ஊரு நம்பும்?"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். நிமிர்ந்து என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டான்.

"தாள்ல முதல்ல கையெழுத்துப் போட்டது நீதானம்மா?"

எந்தப் பேச்சுக்கும் பதில் பேச்சு வைத்திருப்பவள் என்று எனக்கு ஊரில் பெயர். குழம்பை ஊற்றச் சொன்னான், ஊற்றினேன். சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, விரிந்த பலகைக்குப் பஞ்சு வைத்து அடைக்கக் கரைக்குப் புறப்பட்டான். பயிற்சி முடித்தவர்களுக்குப் புதுப் பெட்டி கொடுத்திருந்தார்கள். அதே மஞ்சள். அதைப் படகில் பூட்டினால்தான் கடலில் இறங்க விடுவார்கள் என்பதால், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.