மன்னி நீட்டின சுண்டல் டப்பா

என் மன்னி காமாக்ஷியைப் பத்தி யாராவது இளப்பமாப் பேசினா எனக்குப் பத்திண்டு வரும். இத்தனைக்கும் அவளைப் பட்டினி போட்டதுல நானும் கூட்டு.

தொண்ணூத்தெட்டுல, நூத்திப் பதினெட்டு கிலோவோட தான் வேலை பார்க்கற டெலிபோன் ஆபீஸ் மாடிப்படி ஏற முடியாம, மன்னி வயத்தைச் சின்னதாக்கற ஆபரேஷன் பண்ணிண்டா. எங்காத்துல யாருக்கும் இஷ்டமில்லை. ஆனா ஆத்துக்கு வந்தப்புறம் பத்தியம் வெச்சோம் பாருங்கோ! சீரக ரசம், குழைஞ்ச சாதம், ஆரோரூட் கஞ்சி. பருப்பு வாயுன்னு கண்ணுலயே காட்டலை. ரெண்டே மாசத்துல தலைமுடி கொத்துக் கொத்தாக் கொட்டித்து. கால் வீங்கித்து. எழுந்து நின்னா தலை சுத்தித்து.

"நான் அப்பவே சொன்னேனோல்லியோ? பிரிச்சுப் பழையபடி தைக்கச் சொல்லு!" மன்னியோட ஆத்துக்காரன், என் அண்ணா அம்பி குதிச்சான்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துட்டு எங்களைத்தான் திட்டினார். "பருப்பு, பயறுல இருக்கற புரதம் உடைஞ்சு அமினோ அமிலமாகித்தான் உடம்புல சேரும். அது வரலைன்னா உடம்பு தன் சதையையே உடைச்சு எடுத்துக்கும். இப்போ அதான் நடக்கறது. ஒரு மாசம் பார்ப்போம். ரத்தத்துல புரதம் ஏறலைன்னா ஆபரேஷனை மாத்த வேண்டியதுதான்."

"மாத்த விடமாட்டேன்"னா மன்னி.

அடுத்த வாரம் நவராத்திரி. மயிலாப்பூர்ல சுண்டலுக்கா பஞ்சம்? ஆனா எந்தக் கொலுவுக்குப் போனாலும் மன்னிக்கு மட்டும் அரைக் கரண்டி வெச்சு, "உனக்கு இது போறும்"னு இத்தனை வருஷமா சிரிச்சவாதான் எல்லாரும். அவாத்துக்கெல்லாம் மன்னி எவர்சில்வர் டப்பாவோட கிளம்பினா. நானும் கூடவே போனேன். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சைன்னு வாங்கிண்டு வந்து, ஒவ்வொரு வாயா நாள் பூரா மென்னுண்டே இருந்தா.

மூணாம் நாள் போன ஆத்துல, வேம்பு மாமி கேட்டே கேட்டா. "ஏண்டி, வயத்தை வெட்டிண்டும் ஆசை போகலையா?"

கூடத்துல பத்து பேர். மன்னி டப்பாவை இன்னும் நன்னா நீட்டினா.

"போகலை மாமி. உசிரோட இருக்கணும்னு ஆசை. ரெண்டு கரண்டி போடுங்கோ."

மாமி ரெண்டு கரண்டி போட்டா.

நவராத்திரி முடிஞ்சும் மன்னி விடலை. தட்டுல முதல்ல கெட்டிப் பருப்பு, தயிர். இடமிருந்தாத்தான் சாதம். மாசக் கடைசில ரிப்போர்ட் வந்தது. புரதம் ஏறியிருந்தது. ஆபரேஷனைத் தொடவே வேண்டாம்னுட்டார் டாக்டர்.

ஆத்துக்கு வந்ததும் அண்ணா நேரா சமையல் உள்ளுக்குப் போய், தானே கொண்டைக்கடலையை ஊறப் போட்டான். மன்னி பின்னாடி நின்னு பார்த்தா.

"இன்னொரு ஆழாக்கு போடுங்கோ. லீவு முடிஞ்சு நாளைக்கு நான் ஆபீஸ் படி ஏறணும்."