லூர்துமேரி டீச்சர் போடாத கையெழுத்து

செய்தியைக் கொண்டுவந்தவர் பாலக்கோடு பஸ்ஸின் கண்டக்டர். பள்ளிக்கூட நிறுத்தத்தில் நான் ஏறுவதற்குள் அவரே இறங்கி வந்தார். "டீச்சர், சமாச்சாரம் தெரியுங்களா? நம்ம லூர்துமேரி டீச்சர் போயிட்டாங்க. நல்லம்பள்ளியில தம்பி வூட்லதான். நேத்து சாயங்காலமே எடுத்துட்டாங்களாம்ங்க." எங்கள் மாரண்டஹள்ளிக்கும் நல்லம்பள்ளிக்கும் அப்படியென்ன தூரம்? முகத்தைப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அன்று பஸ் ஏறாமல் நடந்தே வீடு வந்தேன்.

அவரோடு அன்று வேலை பார்த்த பழைய டீச்சர்கள் உங்களுக்கு அவருடைய கட்டுரை விதி தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். அறுபதுகளில் எட்டாம் வகுப்புக்குக் கட்டுரை எழுதப் பழக்கியது நாங்கள் இருவரும்தான். முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை என்று நான் கோடு கிழித்துக் கொடுத்துவிடுவேன். அவர் வழி வேறு. வாதம் செய்கிறவர் முதலில் எதிராளியின் கட்சியை ஒரு பத்தியில் எழுதி, அந்த எதிராளியிடமே காட்டி, 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம்தான் மறுக்கலாம். களி உசத்தியா, சோறு உசத்தியா என்று ஒருமுறை தலைப்புக் கொடுத்தோம். "நான் எப்படா அப்படிச் சொன்னேன்?" என்று வகுப்பே இரண்டுபட்டது. "எதிராளியைச் சோப்ளாங்கி ஆக்கிட்டு ஜெயிச்சா, அது ஒரு ஜெயமாங்க?" என்பார்.

எங்கள் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க இடம் தேவைப்பட்டது. ஓடைக்கு அக்கரையில் ஒருவர் நிலம் தர முன்வந்தார். கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதும் பொறுப்பு என்னுடையது. லூர்துமேரி டீச்சர் அந்த இடம் வேண்டாம் என்றார். விதிப்படி அவர் கட்சியையும் எழுதினேன்: 'இடம் தூரம் என்று சிலர் கருதுகிறார்கள்.' கையெழுத்துக்கு நீட்டினேன்.

"தூரம்னா சொன்னேன்? ஓடைன்னு சொன்னேன். மழை பேஞ்சா பையன் டவுசரோட தாண்டிருவான். பொம்பளப்புள்ளைய எந்த ஆத்தா அனுப்புவா? இது என் பேச்சில்லீங்க."

தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஓடையை நான் ஒன்றும் மறந்துவிடவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் விட்டேன். கையெழுத்து இல்லாமலே அனுப்பினேன். மனு ஜெயித்தது.

புதுக் கட்டடத்தில் முதல் ஐப்பசி. ஓடை பெருகியது. பெண் பிள்ளைகளின் பெஞ்சுகள் காலியாகின. தினமும் காலையில் லூர்துமேரி டீச்சர் முழங்கால் தண்ணீரில் நின்று, வந்த ஓரிரு பிள்ளைகளைக் கைபிடித்துக் கரையேற்றினார். சிவகாமி என்றொரு பெண், கட்டுரையில் என்னையே மடக்குவாள், வரவே இல்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. டீச்சர் என்னிடம் "சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான்தான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கடைசியில் ஒருநாள் அவரிடம் போய், "தெரிஞ்சேதாங்க விட்டேன். எங்கிட்ட பதில் இல்ல" என்றேன்.

"தெரியும்ங்க. பதில் இல்லைன்னா அதையும் ஒரு வரி எழுதுங்க. படிக்கிறவங்க யாருக்காச்சும் பதில் தோணும்."

அடுத்த மனுவை இருவரும் சேர்ந்து எழுதினோம். பாலம் வந்தது. சிவகாமி வரவில்லை.

அவரைப் புகழ்ந்தே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிடிவாதக்காரி. நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை அவர் வாயில் லேசில் வராது. நல்லம்பள்ளிக்கு மாற்றலாகிப் போனபின் என் கடிதங்களுக்கு இரண்டு வரிக்கு மேல் பதில் போட்டதில்லை. உடம்பு முடியாமல் கிடந்ததையும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவரால் எனக்குள் தங்கியது ஒரு பயம். எழுதி முடித்ததும், எதை விட்டுவிட்டேன் என்று தேடுகிற பயம். போன வாரம் ஆண்டு மலருக்கு எழுதிய கட்டுரையை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். இப்போது அங்கே நான்தான் மூத்தவள். "பிரமாதங்க டீச்சர்" என்றார்கள். ஓர் இடத்திலாவது தப்பு என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.