ஒரு மணிச் சைரன்

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். மதியம் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். அதற்கு இரண்டு நிமிடம் முன்பு, கம்பத்து ஸ்பீக்கர்களில் சைரன் மூன்று முறை ஊதும். ஊதவைப்பது ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். பழைய பெட்டி புகைந்துபோனதால், புதியதில் அந்த சாஃப்ட்வேரைக் கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற வடிவுக்கு மாற்றித் தர என்னைக் கூப்பிட்டார்கள்.

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். பள்ளத்தின் ஓரம், கருவேல மரத்தடியில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சைரனைச் சரிசெய்ய வந்திருக்கிறேன் என்று சொல்லி ஆபீசுக்கு வழி கேட்டேன்.

"சைரன் வேலைங்களா? நல்லாப் பாருங்க. எங்கிட்ட வாட்சும் இல்ல, போனும் இல்ல. அதக் கேட்டுத்தான் ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போவேன்."

கம்பைல் செய்வதற்கு முன் கன்ஃபிகர் என்று ஒன்று ஓடும். தேவையானதெல்லாம் பெட்டியில் இருக்கிறதா என்று தேடி, இருக்கிறது, இல்லை என்று திரை திரையாகச் சொல்லிக்கொண்டே போகும். அதையெல்லாம் எவன் படிப்பான்? பிழை என்று வந்து நின்றால் மட்டும் பார்ப்பேன். அன்றைக்கு மூன்று பிழை. மூன்றையும் தீர்த்தேன். ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டேன், கணீரென்று பாடியது. சைரனையும் ஊதிப் பார்க்கலாமா என்றதற்கு, கண்ட நேரத்தில் ஊதினால் ஊரே ஓடிவரும் என்று சூப்பர்வைசர் மறுத்துவிட்டார்.

"ஓகே சார், தைரியமா வைங்க" என்றேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சும்மாவா சொன்னாள்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. 'சைரன் ஒலித்தது' என்று திரையில் வரி விழுந்தது. இன்னொரு முறை. மூன்றாம் முறை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏசி இரைச்சலாக இருக்கும் என்று ஆபீஸ் கதவைத் திறந்தேன். வெளியே ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. திரையில் எல்லாம் பச்சை. ஊதாத ஒன்று, ஊதிவிட்டேன் என்று அமைதியாகச் சொல்கிறது.

கன்ஃபிகர் சொன்னதை மேலே தள்ளிப் படித்தேன். 'ஒலி லைப்ரரி: இல்லை. ஒலி இல்லாமல் தொடர்கிறது.' பாட்டுப் பாட, ஒலி எழுப்பும் அந்த லைப்ரரி மட்டும் போதும்; அது பெட்டியில் இருந்தது. கம்பைல் செய்யவோ, அதை எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லும் ஹெடர் ஃபைல்களைத் தனியாகப் போடவேண்டும்; அவை இல்லாவிட்டால் லைப்ரரியே இல்லை என்றுதான் கன்ஃபிகர் சொல்லும். நான் போடவில்லை. சாஃப்ட்வேரும் முரண்டு பிடிக்காமல் ஊமையாகவே உருவாகிவிட்டது.

சூப்பர்வைசர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், சைரன் ஊதி முடிந்ததாக எரியும் பச்சை விளக்கைப் பார்த்து வெடி வைக்கிறவர். போன் அடித்தேன், எடுக்கவில்லை. கருவேல மரத்தை நோக்கி ஓடினேன். பாதி வழியில் தரை அதிர்ந்தது.

கருவேல மரம் சுண்ணாம்பு அடித்ததுபோல நின்றது. அடியில் தலையளவு கற்கள். ஆட்டுக்காரரைக் காணவில்லை. கற்களைப் புரட்டக் குனிந்தபோது ரோட்டுப் பக்கமிருந்து ஆட்டுச் சத்தம். ஆடுகளோடு முழுசாக நின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படிங்க வெளிய வந்தீங்க?"

"சைரன் கேட்டுச்சு, ஓட்டியாந்துட்டேன். இன்னிக்கு கொஞ்சம் முன்னாடியே போட்டுட்டீங்க. நல்லதாப் போச்சு, குட்டி ஒண்ணு முள்ளுல மாட்டிக்கிச்சு. எடுக்க நேரம் இருந்துச்சு."

"எத்தனை தடவ கேட்டுச்சு?"

"எப்பவும் போல மூணு தடவதாங்க. ஏன், நீங்கதானே போட்டீங்க?"

ஊதவே ஊதாத கம்பத்து ஸ்பீக்கர்களைத் திரும்பிப் பார்த்தேன். உங்களைக் கொல்லப் பார்த்தவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாங்க, நான்தான் போட்டேன்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.